எழுபத்திரண்டில் ஆறு குறைகிறது

என் மனைவி பூரணி கணக்குப் போடாமல் ஏணியில் கால் வைக்க மாட்டாள். ஹட்டன் பக்கத்தில் டிஷ் பூட்டுகிற ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் போவார்கள், குழாயை நடுவார்கள், தட்டை அப்படியும் இப்படியும் திருப்புவார்கள், படம் வந்ததும் ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். இவள் மட்டும் முதல் நாளே கொப்பியைத் திறந்து, அந்த இடத்தில் மீட்டர் எந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் புறப்படுவாள். அந்த எண் வந்தால் சிரிப்பாள். வராவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு குழைந்துவிடும்.

நான் அழகையா, திரீவீல் ஓட்டுகிறவன். அவளுடைய டிஷ், குழாய், ஏணி, வயர்ச் சுருள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போவது என் வண்டிதான். மேட்டில் ஏறும்போது வண்டி முனகும். நானும் கூடச் சேர்ந்து முனகுவேன். பூரணி காதில் வாங்கியதே இல்லை.

அந்தக் கணக்கை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சட்டலைட் நம் தலைக்கு மேல் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரில் நிற்கிறது. அங்கிருந்து புறப்படுகிற மின்காந்த அலை நம் முற்றத்துக்கு வந்து சேரும்போது எவ்வளவு பலத்தோடு இருக்கும்? இதுதான் கேள்வி. மேலே கிளம்பும்போது ஐம்பத்திரண்டு. வருகிற வழியிலேயே இருநூற்றைந்து போய்விடும். இந்த இடத்தில் நான் அவளை மடக்கினேன். ஐம்பத்திரண்டு வைத்திருக்கிறவனிடமிருந்து எப்படியம்மா இருநூற்றைந்து போகும் என்று கேட்டேன்.

"இது டெசிபலுங்க. இதுல கூட்டினா பெருக்கின மாதிரி, கழிச்சா வகுத்த மாதிரி. எவ்வளவு கழிச்சாலும் கொஞ்சம் மிஞ்சும். அந்தக் கொஞ்சத்தை வச்சுத்தான் நீங்க கிரிக்கெட் பாக்குறீங்க" என்றாள்.

அந்தக் கொஞ்சத்தைத் தட்டு குவித்துக் கொடுப்பதால் முப்பத்தைந்து கூடும். தட்டுக்கு முன்னால் கம்பி நுனியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, எல்.என்.பி. என்பார்கள், அது ஐம்பத்தைந்து கூட்டும். வயர் நான்கைத் தின்றுவிடும். கடைசியில் மீட்டர் காட்டுகிற அளவுக்கு மாற்ற நூற்று முப்பத்தொன்பதைச் சேர்த்தால், வருவது எழுபத்திரண்டு. எங்கள் பக்கத்து லயங்களில் பெரும்பாலும் இதுதான் விடை. அவள் எழுதி வைத்த எண்ணும் மீட்டர் எண்ணும் ஒன்றுக்கு மேல் விலகி நான் பார்த்ததில்லை. றொசல்லைக்குக் கீழே அந்தப் பள்ளத்து லயத்துக்குப் போகும் வரைக்கும்.

அதற்கு முன் பூரணியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உயர்தரத்தில் கணிதம் படித்தவள். மூன்று பாடமும் பாஸ், ஆனால் கம்பஸ் போகிற அளவுக்குப் புள்ளி இல்லை. ஹட்டன் பஜாரில் டிஷ் விற்கிற ஒரு கடையில் பில் போட உட்கார்ந்தாள். மீட்டரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை, கடையில் யாரும் பிரிக்காமல் கிடந்ததை, இவள்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்து முடித்தாள். ஒரு நாள் பூட்டுகிறவர் வரவில்லை. வாடிக்கையாளர் கடை வாசலில் நின்று ஏசுகிறார். இவள் மீட்டரைத் தூக்கிக்கொண்டு, கொட்டகலைக்குப் போகணும் என்று என் வண்டியில் ஏறினாள். பொம்பளைப் பிள்ளை கூரையில் ஏறுகிறாளே என்று லயமே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்தேன். பார்த்ததோடு விட்டிருக்கலாம், கல்யாணமும் செய்துகொண்டேன்.

பள்ளத்து லயத்தில் நாகலெட்சுமி அக்கா இருந்தார். கொழுந்து பறிக்கிறவர். அவருடைய புருஷன் செல்லசாமி தேயிலை ஃபெக்டரியில் ரோலர் பக்கம் வேலை செய்தவர். இரண்டு வருசத்துக்கு முன் வாதம் விழுந்து வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு தயங்கித் தயங்கி வரும், குரலும் மூளையும் பழையபடிதான். வாதத்தோடு ஒரு பயமும் வந்து ஒட்டிக்கொண்டது. தனியாக இருந்தால் நெஞ்சு படபடத்து வியர்த்துவிடும். பகலில் லயத்தில் ஆள் இருக்காது, எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பள்ளத்தில் ரேடியோ போட்டால் இரைச்சல்தான் வரும், போனுக்கும் சிக்னல் இல்லை. டிஷ் பூட்டின பிறகுதான் அவர் அமைதியானார். நாலு முகம் தெரிந்து, நாலு பேர் பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், அவர் பாட்டுக்கு இருப்பார்.

கூரைத் தகரம் துருப்பிடித்துப் போயிருந்ததால், முற்றத்தில் கோவா நட்டிருந்த காய்கறிப் பாத்தி ஓரமாகக் குழாய் நட்டுத் தட்டைப் பூட்டியிருந்தாள் பூரணி. பூட்டின அன்று எழுபத்திரண்டு. செல்லசாமி மாமா இடது கையைத் தூக்கிக் கும்பிட்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து நாகலெட்சுமி அக்கா கடைக்கே வந்துவிட்டார். காலையில் படம் நன்றாக வருகிறது. மத்தியானம் மூடுபனி இறங்கியதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. டீவி கறுப்பாகிவிடும், ஜன்னல் வெள்ளையாகிவிடும், மனுசனுக்குப் பயம் வந்துவிடும். "லெச்சுமி" என்று கூப்பிடுவார். அந்தக் கூப்பாடு மேல் மலை வரைக்கும் கேட்கும். அக்கா கூடையோடு இறங்கி ஓடுவார். பிறகு எங்கே திரும்பப் போவது? அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், அரை நாள் கூலி.

"வேலைய மேப்பாக்குற கண்டாக்கையா சொல்லிட்டாரு தங்கச்சி. வர்ற மாசம் மொத தேதியில இருந்து முழு நாளும் நின்னாத்தான் பேரு. இல்லன்னா வெட்டிருவாராம். பேரு போனா அப்புறம் இருக்கிற காம்பிரா வீட்டையும் திருப்பிக் கேப்பாங்க. அவரைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்" என்றார்.

பூரணி மறுநாள் காலையிலேயே போனாள். நல்ல வெயில். எழுபத்தொன்றரை. வயர் முனைகளை இறுக்கினாள். தட்டின் பின்பக்கம் ஒரு குங்குமப் பொட்டு இருந்ததைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் ஆட்கள் தையல் மெசினிலிருந்து தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறவர்கள்தானே. எல்.என்.பி.யின் மூடி கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. வெயிலில் பிளாஸ்டிக் பழுப்பது வழக்கம்தான் என்று அவளும் விட்டுவிட்டாள், நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாளில் பழையபடி படம் போய்விட்டதாகச் செய்தி வந்தது. இந்த முறை வேண்டுமென்றே மத்தியானம் போனாள். மூடுபனி லயத்தையே விழுங்கிக்கொண்டு நின்றது. மீட்டர் அறுபத்தாறு. வயரை மாற்றினாள், அறுபத்தாறு. முனைகளைத் துடைத்தாள், அறுபத்தாறு. உள்ளே செல்லசாமி மாமா கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் எங்கள் இருவருக்கும் சண்டை.

"மிஸ்ட் வந்தா படம் போகும். ஹட்டன்ல இருக்கிற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. உனக்கு மட்டும் ஏன் புரியமாட்டேங்குது? ஒரு பெரிய தட்டு வாங்கச் சொல்லிட்டு வேலையப் பாரு" என்றேன்.

"எல்லாரும் சொன்னா சரியாயிருமா? மிஸ்ட்டுல இருக்கிற தண்ணி ரொம்பக் கொஞ்சங்க. இந்த அறை நிறைய மிஸ்ட்டைப் பிடிச்சுப் பிழிஞ்சா ஒரு தேக்கரண்டி தேறாது. அது அரை டெசிபல்கூடத் திங்காது. மழைன்னா ஒத்துக்குவேன். மிஸ்ட்டுன்னா ஒத்துக்க மாட்டேன்."

"அப்ப உன் கணக்குத் தப்பு."

"கணக்குத் தப்புன்னா காலையிலயும் தப்பா இருக்கணும்ல? ஆறு குறையுதுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? நாலுல ஒரு பங்குதான் வந்து சேருது. முக்காவாசியை நடுவுல ஏதோ ஒண்ணு எடுத்துக்குது. அவ்வளவு தூரம் தாண்டி வந்தது, அக்கா வீட்டு வாசல்ல வந்து காணாமப் போகுது."

சோறு குழைந்திருந்தது. கொப்பியில் அவள் ஐம்பத்திரண்டிலிருந்து திரும்பவும் ஆரம்பிப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பிடிவாதம் பிடித்தவளைக் கட்டிக்கொண்டவனுக்குச் சோற்றைக் குறை சொல்லவும் வழியில்லை.

முதல் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை. வெயில் காய்கிற நேரத்திலிருந்து மூடுபனி இறங்குகிற நேரம் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மீட்டர் எழுபத்திரண்டு. அவள் அதை என் கையில் கொடுத்து, எண் அசைந்தால் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு, வயர் வழியே மோப்பம் பிடிக்கிறவள் மாதிரி குனிந்து நடந்துகொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு நாகலெட்சுமி அக்கா சாப்பாட்டுக்கு இறங்கி வந்தார். மாமாவுக்கு ஊட்டினார். முகம் கழுவி, சாமி படத்துக்கு விளக்குக் காட்டினார். பிறகு ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தோடு முற்றத்துக்கு வந்தார். எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு நேரே தட்டுக்குப் போனார். விரலால் சந்தனத்தை அள்ளி, எல்.என்.பி.யின் மூடி மேலே பூசினார்.

என் கையில் எழுபத்திரண்டு எழுபதானது.

இன்னொரு விரல் சந்தனம். மூடியின் முகத்தில் ஓரிடம் விடாமல் பக்தியாகப் பூசினார், பழைய பூச்சின் மேலேயே. அறுபத்தெட்டு. பிறகு அறுபத்தாறு. அதற்குக் கீழே போகவில்லை. நான் பூரணியைப் பார்த்தேன். அவள் மீட்டரைப் பார்க்கவே இல்லை. அக்காவின் விரலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

எனக்கு முன்கோபம் என்பது ஊருக்கே தெரியும். இந்தக் கோளாறுக்காக மூன்று தடவை இந்தப் பள்ளத்தில் வண்டியை இறக்கி ஏற்றியவன் நான். வாயைத் திறந்துவிட்டேன். "ஏங்க்கா" என்பது வரைதான் வந்தது. பூரணி என் கையைப் பிடித்தாள். அழுத்தி ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனாலும் நான் நிறுத்திவிட்டேன்.

அக்கா கிண்ணத்தோடு திரும்பினார். "ஒவ்வொரு வெள்ளியும் பூசுவேன் தங்கச்சி. நீ இதைப் பூட்டின அன்னைக்குத்தான் ரெண்டு வருசத்துக்கு அப்புறம் அவரு ஒரு பயமும் இல்லாமத் தூங்குனாரு. எங்க போயி யாருக்குப் பூசுறதுன்னு தெரியல. அதுதான் இதுக்கே பூசுறேன்."

பூரணி தரையைப் பார்த்தாள். ஒரு கூரைக்கும் பயப்படாதவள் பேசப் பயந்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அக்கா, சாமிக்குச் சந்தனம் எங்க வைப்பீங்க? நெத்தியிலயா, கண்ணுலயா?"

"நெத்தியிலதான். கண்ணுல யாராச்சும் வைப்பாங்களா?"

"இதுக்கு இதுதான் கண்ணு."

அக்காவுக்கு உடனே விளங்கவில்லை. பூரணி அவரை என் பக்கத்தில் கூட்டி வந்து மீட்டரைக் காட்டினாள். பிறகு ஈரத் துணியால் மூடியைத் துடைக்கத் தொடங்கினாள். பூட்டின நாளிலிருந்து பூசிய சந்தனம், ஏடு ஏடாகக் கழன்று வந்தது. அறுபத்தெட்டு, எழுபது, எழுபத்தொன்று. காய்ந்து கிடக்கும்போது சந்தனம் அலையை உள்ளே விட்டுவிடுகிறது. மூடுபனி பட்டு ஊறினால் அதே சந்தனம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மறித்துவிடுகிறது. அவ்வளவுதான் விசயம். காற்றில் இருக்கிற தண்ணீர் கொஞ்சம்தான் என்று அவள் சொன்னது சரி. அந்தக் கொஞ்சம் வந்து தங்க ஓர் இடம் கிடைத்திருந்தது.

எழுபத்திரண்டு வந்தபோது அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நானா? அவரு அப்படிப் பயந்து கத்துனதெல்லாம் என்னாலயா? என் கையாலயா தங்கச்சி?"

"இல்லக்கா. பூட்டின அன்னைக்கு இதுதான் கண்ணு, இதைத் தொடக் கூடாதுன்னு நான் சொல்லிக் காட்டியிருக்கணும். மொத தடவை வந்தப்பவே மஞ்சளா இருந்ததைப் பாத்தேன். தொட்டுக்கூடப் பாக்காமப் போயிட்டேன். அது என் தப்பு."

இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. அவள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அன்று முழுதும் அந்த மஞ்சளைப் பற்றித்தான் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அவள் அக்கா பக்கத்தில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, அவர் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் தன் துணியால் துடைத்துவிட்டாள். அந்த நேரத்தில் என் பெண்டாட்டியை எனக்குப் பிடித்த அளவுக்கு வேறு எப்போதும் பிடித்ததில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு மூடுபனி ஒரு மணிக்கே வந்துவிட்டது. முதலில் மேல் மலை மறைந்தது, பிறகு காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களம், பிறகு கோவாப் பாத்தி. மூன்று பேரும் தட்டைச் சுற்றி நின்றோம். அக்கா கூடையை மாட்டிக்கொண்டு, மலைக்குப் போகவும் முடியாமல் வீட்டுக்குள் போகவும் முடியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடியில் பனி பொடிப் பொடியாகக் கோத்து நின்றது. மீட்டர் எழுபத்தொன்று புள்ளி ஏழு காட்டியது. அங்கேயே நின்றது. உள்ளே டீவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"லெச்சுமி."

உள்ளேயிருந்துதான். பூரணியின் முகம் வெளுத்துவிட்டது. கணக்கும் சரி, மீட்டரும் சரி, இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று அவள் யோசிப்பது தெரிந்தது. அக்கா கூடையோடேயே உள்ளே ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டமும் உடையவில்லை. ஜன்னல் வெள்ளையாக இருந்தது. செல்லசாமி மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையை மெதுவாகத் தூக்கி டீவியைக் காட்டினார்.

"படம் போகல. பாரு."

"பாத்தேன்."

அடுத்த வார்த்தைக்கு அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நாங்கள் காத்திருந்தோம்.

"அப்புறம் ஏன் நிக்கிற? நீ மலைக்குப் போ. நான் இருந்துக்குவேன்."

அக்கா போர்வையை அவர் கால் வரை இழுத்துவிட்டார். வெளியே வந்து, பாத்தி ஓரத்தில் கிடந்த கிண்ணத்தை எடுத்தார். மிச்சமிருந்த சந்தனத்தை விரலில் தொட்டு, பூரணியின் நெற்றியில் வைத்தார். "இங்க வச்சா ஒண்ணும் குறையாதுல்ல தங்கச்சி?" என்று கேட்டார். பூரணி தலையை மட்டும் ஆட்டினாள்.

அக்கா மேட்டில் ஏறிப் போனார். லயத்துக்கு மேலே, பனி கொஞ்சம் விலகியிருந்த ஒற்றையடிப் பாதை திரும்புகிற இடத்தில், வழக்கமாகக் கூப்பாடு வந்து அவரை எட்டுகிற இடத்தில், பழக்கத்தில் கால் நின்றுவிட்டது. திரும்பிக் காதைக் கொடுத்துக் கேட்டார். நாங்களும் கேட்டோம். டீவிச் சத்தம் மட்டும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்து, அவர் மூடுபனிக்குள் ஏறிப் போனார்.